வாகனக் கேள்வி – பதில்: கார் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இதுவரை 45,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில வாரங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் நடுங்குகிறது. மேட்டில் ஏறும்போது பழைய பிக்கப் இல்லை. பிளக் மாற்றிப் பாருங்கள் என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் சொன்னார். ஸ்கூட்டர் பிளக்கை நானே கழற்றி மாட்டிய பழக்கம் உண்டு. காரிலும் அவ்வாறு செய்யலாமா? என்னென்ன கருவிகள் வேண்டும்? — சேலம் வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஸ்கூட்டர் பிளக்கைக் கழற்றிய கைக்குக் கார் பிளக் புதிதல்ல; வேறுபாடு அது இருக்கும் இடத்தில்தான். ஸ்கூட்டரில் பிளக்கைக் கண்ணால் பார்த்து மாட்டலாம். இன்றைய கார்களில் அது சிலிண்டர் ஹெட்டின் நடுவே ஆழமான குழிக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அதன் தலைமேல், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலும் இருக்கும். விரலின் உணர்வை மட்டும் நம்பி மரையைப் பிடிக்க வைக்க வேண்டியிருப்பதால், இந்த வேலைக்கு வலிமையைவிடப் பொறுமைதான் தேவை. பிளக்கின் மரை எஃகால் ஆனது. அது இறங்கும் ஹெட் அலுமினியத்தால் ஆனது. இரண்டும் மோதினால் சிதைவது அலுமினியம்தான். சில நூறு ரூபாய் பிளக்கை மாற்றப்போய் ஹெட்டையே கழற்றும் நிலை வரக் கூடாது என்பதால், கீழே சொல்பவற்றை எல்லாம் அந்த மரையைக் காப்பதற்கான வழிகளாகவே படிக்க வேண்டுகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு முறை பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி பறக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,500 பொறிகளைத் தருகிறது. ஒவ்வொரு பொறியும் மின்முனையின் உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அரிப்பதால், நாளடைவில் கூரான விளிம்பு மழுங்கி, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள கேப் அகலமாகிறது. மழுங்கிய முனையிலிருந்து அகன்ற கேப்பைத் தாண்டிப் பொறி பாய்வதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும், மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தி சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதும் அந்தத் தேவை மேலும் உயர்கிறது. உங்கள் காரில் அறிகுறி சரியாக அந்த இரண்டு நேரங்களில் தெரிவதால், மெக்கானிக் சொன்னது பொருத்தமாகவே படுகிறது. சாதாரண நிக்கல் பிளக்காக இருந்தால் 45,000 கிலோமீட்டர் என்பது எப்படியும் மாற்ற வேண்டிய தூரம்தான். உங்கள் காருக்குரிய சரியான தூரம் கையேட்டில் இருக்கும்.

கருவிகளில் முதன்மையானது பிளக் சாக்கெட். இன்றைய கார்கள் பலவற்றுக்கு 16 அல்லது 14 மில்லிமீட்டர் அளவும், பழைய கார்கள் பலவற்றுக்கு 21 மில்லிமீட்டர் அளவும் பொருந்தும். உள்ளே ரப்பர் வளையமோ காந்தமோ உள்ள சாக்கெட்டையே வாங்குங்கள். குழிக்குள்ளிருந்து பிளக்கைத் தூக்கி எடுக்க அதுதான் உதவும். நீளமான எக்ஸ்டென்ஷன் ராடு, ரேச்சட், காயில் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், டார்ச் விளக்கு, காற்றடிக்கும் பம்பு ஆகியவையும் வேண்டும். எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மிக நல்லது. விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் பலர் என்றாலும், சக்கர நட்டுகளை முறுக்கவும் உதவும் அளவில் ஒன்று வாங்கிவிட்டால் ஆயுள் முழுவதும் பயன்படும் என்பது என் கருத்து.

இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் செய்வது எல்லாவற்றிலும் நல்லது. சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து உரிந்து வரக்கூடும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டி இன்ஜினின் தலைமேலேயே இருப்பதால் அதை முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டரை மட்டும் திறந்து, அதன் வேலையை முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். காயிலின் கனெக்டரில் உள்ள பூட்டு இன்ஜின் சூட்டில் வருடக்கணக்காக இருந்து நொறுங்கும் தன்மையை அடைந்திருக்கும். அதை நெம்பாமல், பூட்டை அழுத்தியபடி மெதுவாக இழுக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றி, காயிலை இருபுறமும் சிறிது திருப்பி, நேராக மேலே தூக்குங்கள். பிளக்கின் தலைமேல் காயிலுக்குப் பதிலாக ஹெச்.டி. வயர் (உயர் மின்னழுத்தத்தைப் பிளக்குக்குக் கொண்டுவரும் வயர்) உள்ள பழைய காரென்றால், வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் முனையிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். வயர்கள் இடம் மாறினால் இன்ஜின் சரியாக ஓடாது என்பதற்காகவும்தான் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்கிறேன்.

பிளக்கை அசைப்பதற்கு முன்னால் குழிக்குள் பம்பால் காற்றடித்து மண்ணையும் தூசியையும் வெளியேற்றுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. பிளக் வெளியே வந்த கணத்தில் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழுந்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே அரைபடும். பிளக்கை எடுத்த பிறகு அந்தத் துளை வெறுமனே திறந்திருக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடி வைத்தால் கைதவறும் வாஷரோ போல்ட்டோ உள்ளே போகாது.

இப்போது இந்த வேலையின் மையத்துக்கு வருகிறோம். புதிய பிளக்கைச் சாக்கெட்டில் பொருத்தி, எக்ஸ்டென்ஷனில் மாட்டி, ரேச்சட் இல்லாமல் வெறும் விரல்களால் குழிக்குள் இறக்குங்கள். பிளக்கின் மேல்முனையில் இறுகப் பிடிக்கும் ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி இறக்குவது இன்னும் நல்ல முறை; மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கிவிடும் என்பதால் அழுத்தம் ஹெட்டுக்குப் போகாது. ஊறுகாய் பாட்டில் மூடியைச் சரியாகப் பொருத்த ஒரு முறை எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல, பிளக்கையும் முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றினால் மரையின் தொடக்கத்தில் சிறிய சொடுக்கை விரல் உணரும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். மரை முழுவதும் விரலாலேயே இறங்க வேண்டும். நான்கைந்து சுற்றுகளுக்குள் இறுக்கம் தெரிந்தால் பிளக் கோணலாகப் போகிறது என்று பொருள். உடனே வெளியே எடுத்து மீண்டும் தொடங்குங்கள். ஸ்பேனரால் அழுத்தி நேராக்கிவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பிளக் உட்கார்ந்த பிறகே ரேச்சட். கையேடு வேறு அளவு சொல்லாத நிலையில், அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் என்பது பிளக் தயாரிப்பாளர்கள் தரும் அளவு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், வாஷர் உள்ள புதிய பிளக்கை விரலால் உட்கார்ந்த நிலையிலிருந்து ஏறத்தாழ அரைச் சுற்று இறுக்கினால் போதும். அந்த அரைச் சுற்றில் வாஷர் நசுங்கி அடைப்பை உண்டாக்குகிறது. ஏற்கெனவே நசுங்கிய வாஷருடன் பழைய பிளக்கையே மீண்டும் மாட்டுவதானால் ஒரு சுற்றில் 12-ல் ஒரு பங்கு போதும். வாஷரே இல்லாமல் கூம்பு வடிவ அடிப்பகுதியுடன் வரும் பிளக்குக்கு 16-ல் ஒரு பங்கு.

காயிலை அழுத்தி உட்கார வைத்து, போல்ட்டை மிதமாக இறுக்கி, கனெக்டர் சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும்வரை தள்ளுங்கள். எல்லாம் முடித்து ஸ்டார்ட் செய்த பிறகும் நடுக்கம் தொடர்ந்தால் காயிலைச் சந்தேகிக்கலாம். காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் பி0301 என்று காட்டினால் முதல் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்பது பொருள். இன்ஜினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 என்று மாறினால் பழுது காயிலில் இருக்கிறது. மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டர், வால்வு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அது பட்டறை வேலை. ஓடும் இன்ஜினில் காயிலையோ ஹெச்.டி. வயரையோ தொட்டுச் சோதிக்கும் பழக்கம் கூடவே கூடாது. அங்கே பாய்வது பல்லாயிரம் வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகிலேயே நிற்கக் கூடாது.

கேள்வி: கடையில் இரிடியம் பிளக் போட்டால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். என் காரில் இருப்பது நிக்கல். மாற்றலாமா? வேறு நிறுவனப் பிளக் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்கினால் போதுமா? — திருநெல்வேலி வாசகர்

பதில்: தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதியது எதைப் போட்டாலும் மைலேஜ் பழைய நிலைக்குத் திரும்பும், அந்தப் பெருமையை இரிடியத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள நிக்கல் பிளக்கை எடுத்துவிட்டு இரிடியம் போடுவதால் குறிப்பிடத்தக்க மைலேஜ் வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். இரிடியத்தின் உண்மையான பலன் அதன் ஆயுள். மிகக் கடினமான, எளிதில் உருகாத உலோகம் என்பதால் நடு மின்முனையை 0.6 மில்லிமீட்டர், சில வகைகளில் 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக்க முடிகிறது. மெல்லிய முனையிலிருந்து குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாய்கிறது. நீண்ட ஆயுள் வகைகள் 1,00,000 கிலோமீட்டர் வரைகூட உழைக்கும். பிளக்கை எட்டவே பாதி இன்ஜினைக் கழற்ற வேண்டிய கார்களில் இது பெரிய பலன். மேலே கையை நீட்டினால் பிளக் வந்துவிடும் சிறிய காரில் நிக்கலையே உரிய காலத்தில் மாற்றுவது சிக்கனம். ஆனால் கார் இரிடியத்துடனேயே வந்திருந்தால் விலைக்காக நிக்கலுக்கு இறங்காதீர்கள். கையேட்டிலுள்ள மாற்றும் தூரம் இரிடியத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பிளக்கின் மீதுள்ள எண் அதன் வெப்ப அளவைக் குறிக்கிறது. எரியும் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியை மிகவும் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே முனையின் சூட்டில் எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனைப் பாழாக்கும். இந்த எல்லைக்குள் முனையை வைத்திருப்பதற்காகவே வெப்பத்தை விரைவாகக் கடத்தும் ‘குளிர்ந்த’ பிளக்கும் மெதுவாகக் கடத்தும் ‘சூடான’ பிளக்கும் தனித்தனியாகச் செய்யப்படுகின்றன. என்.ஜி.கே., டென்சோ ஆகியவற்றில் எண் கூடக்கூடக் குளிர்ந்த பிளக். பாஷ், சாம்பியன் ஆகியவற்றில் எண் கூடக்கூடச் சூடான பிளக். எனவே எண் ஒன்றாக இருப்பதால் பிளக் ஒன்றாகிவிடாது. நிறுவனங்களே வெளியிடும் மாற்றுப் பட்டியலில் உங்கள் காரின் மாடல், ஆண்டு இரண்டையும் பார்த்து வாங்குங்கள். மரையின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் கூடிய பிளக்கைப் பிஸ்டன் வந்து முட்டக்கூடும். போலிப் பிளக்குகள் புழங்குவதால் அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகக் கடையில் ரசீதுடன் வாங்குவதே நல்லது.

கேள்வி: நான்கு பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றின் முனை வெளிர் பழுப்பாக இருக்கிறது. ஒன்று மட்டும் கறுத்து எண்ணெய்ப் பிசுக்குடன் இருக்கிறது. வெள்ளைப் பீங்கானின் வெளிப்பக்கத்திலும் பழுப்பு வளையம் தெரிகிறது. பயப்பட வேண்டுமா? — தஞ்சாவூர் வாசகர்

பதில்: எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பழைய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்ஜினின் உள்நிலை ஓரளவு தெரிந்துவிடும். பட்டறையில் மாற்றினாலும் பழையவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று எல்லா வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிர் பழுப்போ சாம்பல் நிறமோ ஆரோக்கியத்தின் அடையாளம். உங்கள் மூன்று சிலிண்டர்களுக்குக் குறையில்லை. நான்காவதில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். குழிக்குள்ளும் பீங்கானின் வெளிப்புறத்திலும் மட்டும் எண்ணெய் இருந்தால், வால்வு கவரின் கீழுள்ள பிளக் குழாய் சீல் கசிகிறது. செலவு குறைவு, ஆனால் காயிலின் ரப்பரை எண்ணெய் ஊற வைத்துக் கெடுத்துவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். எரியும் முனையே எண்ணெயில் நனைந்திருந்தால், பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ எண்ணெய் சிலிண்டருக்குள் வருகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று அளக்கும் கம்பிரஷன் சோதனை செய்து பாருங்கள். இன்ஜின் ஆயில் அளவு குறைகிறதா என்றும் கவனியுங்கள். புதிய பிளக் போட்டதும் சில நாள் நன்றாக ஓடுவதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. எண்ணெய் வரும் வழி அடைபடும்வரை புதியதும் கறுத்துக்கொண்டே இருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் உலர்ந்த கரியாக நான்கும் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாக வருவதையோ, இன்ஜின் சூடேறாத குறுகிய ஓட்டங்களையோ காட்டும். முனை சுண்ணாம்பாய் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. வெப்ப அளவு தவறிய பிளக்கா, கூலிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பீங்கானின் வெளிப்புறப் பழுப்பு வளையத்துக்குப் பயப்பட வேண்டாம். உயர் மின்னழுத்தத்தைச் சுற்றியுள்ள மின்புலம் காற்றிலுள்ள நுண்ணிய எண்ணெய்த் துகள்களை ஈர்த்து அங்கே படிய வைக்கிறது. வாயு கசிகிறது என்று சொல்லிப் பிளக்கை மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். வளையமாக இல்லாமல், மேலிருந்து கீழாகக் கறுத்த கோடு ஓடினால் மட்டும் பிளக்கையும் காயில் ரப்பரையும் மாற்றுங்கள்; பொறி வெளிப்பக்கமாக ஓடியதன் தடம் அது.

கேள்வி: என் தந்தை காலத்தில் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, கேப்பைத் தட்டிச் சரிசெய்து மீண்டும் போடுவார்கள். இப்போதும் செய்யலாமா? — மதுரை வாசகர்

பதில்: அக்காலத்து நிக்கல் பிளக்குக்கு அது பொருந்தியது, அவசரத்துக்கு இன்றும் நிக்கலில் செய்யலாம். மழுங்கிய விளிம்பு தேய்ப்பதால் திரும்பாது என்பதால் ஆயுள் அதிகம் நீளாது. இரிடியம், பிளாட்டினம் முனைகளை உப்புத்தாளாலோ கம்பி பிரஷ்ஷாலோ தொடவே கூடாது. புதிய பிளக்கின் கேப்பை ஃபில்லர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு சரிபார்ப்பது நல்லது, 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் உங்கள் கையேடு சொல்லும் அளவு இருக்கும். மாற்ற வேண்டுமானால் பக்க முனையை மட்டும் வளைக்க வேண்டும். நடு முனையில் எதையும் ஊன்றி நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். தரையில் விழுந்த புதிய பிளக்கையும் போடாதீர்கள். விரிசல் வெளியே தெரியாது.

கேள்வி: பழைய ஹோண்டா சிட்டி வாங்கினேன். நான்கு சிலிண்டருக்கு எட்டுப் பிளக் கேட்கிறார் மெக்கானிக். உண்மையா? — திருச்சி வாசகர்

பதில்: உண்மைதான். ஐ-டி.எஸ்.ஐ. இன்ஜின் உள்ள சிட்டியில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். எட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பின்வரிசையை எட்டுவது கடினம் என்று முன்வரிசையை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுவது சரியான வேலை அல்ல.

கேள்வி: என் கார் டீசல். அதற்கும் பிளக் மாற்ற வேண்டுமா? — ஈரோடு வாசகர்

பதில்: டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அதிலுள்ள குளோ பிளக் குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்க மட்டுமே. பழுதானால் மாற்றினால் போதும்.

கேள்வி: கனமழையில் ஓட்டி வந்த மறுநாள் கார் உதறுகிறது, செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. புதுப் பிளக் போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. — சென்னை வாசகர்

பதில்: உதறலோடு அந்த விளக்கு சிமிட்டினால் காரை ஓட்டாதீர்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலை பிளக்கின் விலையோடு ஒப்பிட முடியாதது.

மழைநீரோ, வாட்டர் சர்வீஸில் பீய்ச்சிய நீரோ பிளக் குழிக்குள் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நீர் இருக்கும்போது பொறி கேப்பைத் தாண்டாமல் ரப்பரின் வெளிப்புறமாக ஓடி ஹெட்டில் இறங்கிவிடுகிறது. காயிலை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றாமல், குழியிலுள்ள நீரைத் துணியாலும் காற்றாலும் முழுவதும் வெளியேற்றுங்கள். முதலில் பிளக்கைக் கழற்றினால் நீர் சிலிண்டருக்குள் போய்விடும். காயில் ரப்பரில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். மாட்டும்போது ரப்பரின் வாயில் மின்காப்புக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் நீர் புகுவது குறையும்.

வெள்ளத்தில் இன்ஜின் உயரத்துக்கு மூழ்கிய காரென்றால் நிலைமை வேறு. சாவியைத் திருப்பவே கூடாது. நீரை அழுத்திச் சுருக்க முடியாது. உள்ளே நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பட்டறையில் பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே கிராங்க்கைச் சுற்ற வேண்டும்.

கேள்வி: மூன்று பிளக் கழன்றுவிட்டது, நான்காவது பாதியில் கிரீச்சிட்டு நின்றுவிட்டது. பலம் கொடுத்தால் உடையுமோ என்று பயமாக இருக்கிறது. மீண்டும் இப்படி ஆகாமலிருக்க மரையில் கிரீஸ் தடவலாமா? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: நிறுத்தியது மிகவும் நல்லது. கழன்ற அளவில் பாதியை மீண்டும் உள்ளே திருப்பி, துரு நீக்கும் ஸ்ப்ரேயை மரையைச் சுற்றி அடித்து, சில மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே என்று மாறி மாறித் திருப்புங்கள். மரையில் சிக்கிய கரி சிறிது சிறிதாக உடைந்து வழிவிடும். சத்தம் வந்தால் மீண்டும் ஸ்ப்ரே. அவசரப்பட்டு நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி நெம்பாதீர்கள்.

கிரீஸ் வேண்டாம். இன்றைய பிளக்குகளின் மரையில் அரிப்பைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கிறது, என்.ஜி.கே. போன்ற தயாரிப்பாளர்கள் எதையும் தடவ வேண்டாம் என்றே சொல்கிறார்கள். வழுவழுப்பான மரையில் டார்க் ரெஞ்ச் அதே அளவைக் காட்டினாலும் பிளக் கூடுதலாக இறுகி, மரை நீண்டு பிய்யும் ஆபத்து உண்டு.

பிளக் வெளியே வந்ததும் அதன் மரைப் பள்ளங்களை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கரி மட்டும் இருந்தால் புதியதை விரலால் இறக்கிப் பார்க்கலாம். வெள்ளி நிறத்தில் அலுமினியச் சுருள் ஒட்டியிருந்தால் ஹெட்டின் மரை போய்விட்டது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, எஃகுச் சுருள் மரையைப் பதித்துச் சரிசெய்ய முடியும். பட்டறைகளில் ஹெலிகாயில் போடுவது என்பார்கள். துளைக்கும்போது உலோகத் துகள் சிலிண்டருக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவரிடம் மட்டுமே அதைக் கொடுங்கள். அரைகுறை மரையில் புதிய பிளக்கை எப்படியோ இறுக்கிவிட்டு ஓட்டினால் எரிப்பின் அழுத்தம் பிளக்கைக் காயிலோடு சேர்த்து வெளியே எறிந்துவிடக்கூடும் என்பதால், பட்டறைக்கும் காரை ஸ்டார்ட் செய்து ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியிலேயே கொண்டு செல்லுங்கள்.